எந்த மா?

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்காவின் பேத்தி வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். செருப்பை வாசலில் உதறிவிட்டு நேராக என்னிடம் வந்து இரண்டு தாள்களை நீட்டினாள்.

“தாத்தா, புதன்கிழமை பேச்சுப் போட்டி. தப்பு இருக்கான்னு பாருங்க. ஸ்பெல்லிங் மட்டும் பார்த்தா போதும்.”

தலைப்பு, ‘உலக மொழிகளின் தாய்’. அவையோருக்கு வணக்கம், நடுவர்களுக்கு வணக்கம் எல்லாம் பிரமாதம். நடுவில் ஒரு பட்டியல். அவள் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வந்ததாம்.

சீனத்தில் அம்மாவுக்குப் பெயர் ‘மா’. குதிரைக்கும் ‘மா’. நம் சங்கத் தமிழிலும் ‘மா’ என்றால் குதிரை. சீனர்கள் கேள்வி கேட்டால் வாக்கியத்தின் கடைசியில் ‘மா’ போடுவார்கள். நாமும் ‘வருமா? போகுமா?’ என்றுதானே கேட்கிறோம்? கொரியாவில் அம்மா ‘ஓம்மா’, அப்பா ‘அப்பா’வேதான். ஆகவே நடுவர் அவர்களே, உலக மொழிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று இன்னும் சொல்ல வேண்டுமா?

ஸ்பெல்லிங் தப்பு ஒன்றுகூட இல்லை. இன்னும் சங்கடம் என்னவென்றால், பட்டியலில் இருந்த சொற்களும் அதனதன் அளவில் சரி. சீனத்தில் ‘மா’ என்றால் அம்மாதான். குதிரைதான். கேள்வியும்தான். கொரியாவில் அப்பா, அப்பாதான். சொற்கள் எல்லாம் சரி, அந்த ‘ஆகவே’தான் தப்பு.

விமரிசனம் எழுத நாவலோ சினிமாவோதான் வேண்டும் என்பதில்லை. இந்த மாதிரிப் பட்டியலும் ஓர் இலக்கிய வகைதான். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் மேடைப் பேச்சில் கேட்டிருக்கிறேன். பிறகு துணுக்காகப் பத்திரிகைகளில் வந்தது. இப்போது செல்போனில் வருகிறது. லட்சக்கணக்கானவர்கள் படிக்கிறார்கள், ஒருவரும் விமரிசிப்பதில்லை. இந்த வாரம் நான் செய்து பார்க்கிறேன்.

பட்டியலின் கதாநாயகன் ‘மா’. முதலில் அவர் உள்ளூரில் எத்தனை வேஷம் போடுகிறார் என்று பார்ப்போம்.

தமிழில் மா என்றால் மாமரம். மா என்றால் விலங்கு. சிங்கம் அரிமா, யானை கைம்மா. மா என்றால் பெரிய, ‘மாநகரம்’ மாதிரி. பழைய நூல்களில் கருமை நிறத்துக்கும் மா. அரைத்த மாவுக்கும் மா. யாழ்ப்பாணத்துக் கடையில் இன்றும் ‘கோதுமை மா’ என்றுதான் கேட்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ‘அவருக்கு மூணு மா இருக்கு’ என்றால் மூன்று மாமரம் இல்லை, நிலம். ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி. பழைய கணக்கில் 1/20 என்ற பின்னத்துக்கும் மா என்றுதான் பெயர். 1/80 காணி. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி, 1/16. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

போதாததற்குச் சென்னையில் ‘இன்னாமா, எப்டிகீற?’ என்று மீசை வைத்த ஆட்டோக்காரரையும் ‘மா’ போட்டு விசாரிக்கிறோம்.

சமஸ்கிருதத்தில் ‘மா’ என்றால் ‘வேண்டாம், செய்யாதே’ என்று தடுக்கும் சொல். லக்ஷ்மிக்கும் ‘மா’ என்று பெயர். இந்த இரண்டையும் வைத்து ஓர் அபாரமான வேலை நடந்திருக்கிறது. ஜோடிப் பறவைகளில் ஒன்றை அம்பெய்து கொன்ற வேடனை வால்மீகி சபித்த சுலோகம் ‘மா’ என்றுதான் ஆரம்பிக்கிறது. ‘உனக்கு நிலைபேறு கிடைக்காமல் போகட்டும்’ என்பது அதன் நேரான அர்த்தம். ஒரு மகா காவியம் சாபத்திலா தொடங்குவது என்று சங்கடப்பட்ட உரையாசிரியர்கள், முதல் எழுத்தை லக்ஷ்மி என்று வைத்துக்கொண்டார்கள். ‘லக்ஷ்மி உறையும் இடமே!’ என்று சாபம் திருமாலுக்கு வாழ்த்தாக மாறிவிட்டது. ஒரே எழுத்துதான். படிக்கிறவர் என்ன தேடுகிறாரோ அது கிடைக்கிறது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வெளியூர் போவோம்.

இத்தாலியில் ‘மா’ என்றால் ‘ஆனால்’. பிரான்ஸில் ‘என்னுடைய’, அதுவும் பெண்பால் சொற்களுக்கு முன்னால் மட்டும். ஹங்கேரியில் ‘இன்று’. ஹீப்ருவில் ‘என்ன?’. அரபியில் ‘என்ன’ என்பதற்கும் ‘மா’, ‘இல்லை’ என்பதற்கும் ‘மா’. அதையே தொண்டையில் சட்டென்று நிறுத்திச் சொன்னால் தண்ணீர். ஜப்பானில் ‘இடைவெளி’. நாடகத்திலும் இசையிலும் இரண்டு ஒலிகளுக்கு நடுவே வேண்டுமென்றே விடுகிற மௌனத்துக்கு அங்கே ‘மா’ என்று பெயர், அதற்குத் தனி ரசிகர்களே உண்டு. துருக்கியில் ‘ஒகுமா’ என்று ஒரு சொல். கடைசி அசையை அழுத்தினால் ‘வாசிப்பு’. நடு அசையை அழுத்தினால் ‘வாசிக்காதே’! ஜார்ஜியாவில் ‘மாமா’ என்று கூப்பிட்டால் அப்பா திரும்பிப் பார்ப்பார். அம்மா அங்கே ‘தெதா’.

சீனத்தில் ராகம் மாறினால் ஆளே மாறிவிடுவார். ஒரே ஸ்தாயியில் நீட்டினால் அம்மா. மேலே ஏற்றினால் சணல் வகைச் செடி. இறக்கி ஏற்றினால் குதிரை. சடாரென்று கீழே போட்டால் திட்டுவது. ராகமே இல்லாமல் கடைசியில் ஒட்டினால் கேள்வி.

இப்போது பட்டியல்காரர் செய்த வேலை புரியும். இத்தாலியின் ‘ஆனால்’, ஹங்கேரியின் ‘இன்று’, சீனத்தின் சணலும் திட்டும் எல்லாவற்றையும் ஓசைப்படாமல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். பொருந்துகிற மூன்றை மட்டும் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துவிட்டார். பொருந்தாததைக் காட்டாத பட்டியல், மோசமான மார்க்கையெல்லாம் மறைத்துவிட்டு டிராயிங் மார்க்கை மட்டும் காட்டும் பையன் மாதிரி.

பொருந்தினது எப்படிப் பொருந்தியது என்று கேட்பீர்கள். உதடு இரண்டையும் மூடித் திறந்தால் ‘மா’. ‘ம’ என்ற ஒலி ஏறக்குறைய உலகத்து எல்லா மொழிகளிலும் இருக்கிறது, ‘ஆ’வும் அப்படித்தான். இத்தனை சுலபமான சொல்லுக்கு ஒவ்வொரு மொழியும் ஏதாவது வேலை கொடுத்தே தீரும். நம்மிடம் ஏழெட்டு அர்த்தம், சீனரிடம் ஐந்தாறு. இரண்டு கும்பல் சந்திக்கும்போது ஒன்றிரண்டு முகம் ஒத்துப்போகாவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு பஸ்ஸில் 23 பேர் இருந்தாலே, யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு. 50 பேர் என்றால் 97 சதவீதம். அந்த இருவரும் இரட்டைப் பிறவிகள் என்று யாரும் சொல்வதில்லை.

பேத்திக்கு இந்தக் கணக்கு பிடித்தது. ஆனால் மசியவில்லை.

“குதிரையை விடுங்க தாத்தா. கேள்விக்கு வர்ற ‘மா’ எப்படி ஒண்ணா இருக்கும்?”

“வருமா, போகுமா... சரி. ‘வந்தானா?’ இதுல மா எங்கே?”

யோசித்தாள்.

“‘காப்பியா?’ ‘இதுவா?’ இதுல?”

“மா இல்ல. வெறும் ஆ.”

அவ்வளவுதான் விஷயம். வரும் + ஆ. கேள்வி கேட்பது ‘ஆ’, ‘ம்’ வினைச்சொல்லின் வால். சீனத்துக் கேள்வி ‘மா’வோ, ‘இல்லை’ என்று பொருள்படும் பழைய சொல் ஒன்று தேய்ந்து வந்தது என்பது அந்த மொழியின் வரலாறு எழுதியவர்கள் சொல்வது. நம்முடையதைப் பிரித்தால் ‘மா’வே காணாமல் போகிறது. அவர்களுடையதைப் பின்னோக்கிப் பார்த்தால் வேறு ஆள் நிற்கிறார்.

குதிரையும் அப்படியே. தமிழ் மா பொதுவாக விலங்கு, குதிரை அதில் ஒன்று. சீன மா குதிரை மட்டும். அதுவும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அதன் உச்சரிப்பு ‘ம்ரா’ போல இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் மீட்டிருக்கிறார்கள். பர்மிய மொழியில் குதிரையை எழுதும்போது இன்றும் அந்த ‘ம்ர’ தெரிகிறது. நம் சங்கப் புலவர்கள் ‘மா’ என்று பாடிய சமயத்தில் சீனத்துக் குதிரைக்குள் ஒரு ‘ர’ இருந்தது. அது பிற்பாடு தேய்ந்துபோனதால்தான் இன்றைக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கின்றன.

இந்தத் தற்செயலுக்கு உலகப் புகழ்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் ம்பபாரம் என்றொரு பழங்குடி மொழி. 1960-களில் ஆர்.எம்.டபிள்யூ. டிக்ஸன் என்ற மொழியியலாளர், அதைப் பேசத் தெரிந்த முதியவர் ஒருவரைத் தேடிப்போய்ச் சொற்களைக் கேட்டு எழுதினார். நாய்க்கு உங்கள் மொழியில் என்ன? ‘டாக்’ என்றார் முதியவர்! வெள்ளைக்காரனிடம் கடன் வாங்கிய சொல்லா? இல்லை. பக்கத்து மொழிகளில் நாய்க்குக் ‘குடகா’ என்று பெயர். ம்பபாரத்தில் முதல் அசை உதிர்ந்து, மிச்சமும் தேய்ந்து, ‘டாக்’ வந்து சேர்ந்திருக்கிறது. மற்றச் சொற்களிலும் இதே தேய்மானம் ஒழுங்காக நடந்திருக்கிறது. இங்கிலீஷ் நாய்க்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

மிச்சம் இருப்பது அம்மா. அது தற்செயல் இல்லை, உறவும் இல்லை. ரோமன் யாகப்சன் என்ற மொழியியல் மேதை 1960-ல் வெளிவந்த கட்டுரையில் விளக்கிவிட்டார். உலக மொழிகளிலிருந்து திரட்டிய 1,072 சொற்கள் அவர் கையில் இருந்தன, எல்லாமே அம்மா அப்பாவைக் குறிப்பவை. அம்மாவைக் குறிக்கும் சொற்களில் 55 சதவீதம் ம, ந போன்ற மூக்கொலிகளைக் கொண்டவை, அப்பாவில் 15 சதவீதம்தான். காரணம், பால் குடிக்கிற குழந்தையின் வாய் அடைத்திருக்கிறது. அப்போது மூக்கு வழியாக வரக்கூடியது ‘ம்ம்’ என்ற முனகல் மட்டும். அடுத்த வேளை பசிக்கும்போது அதே முனகல் அழைப்பாகிறது. கூப்பிட்டால் வருகிறவள் அம்மா. குழந்தை பசியை மட்டும்தான் சொல்கிறது, பெருமையோடு அதைப் பெயராக வைத்துக்கொள்வது பெரியவர்கள். இதைக் கொரியக் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் தனித்தனியாகவே செய்துகொள்ளும்.

இரண்டு மொழிகளில் ஒரே மாதிரிச் சொல் இருந்தால் காரணம் நான்கில் ஒன்று. தற்செயல், குழந்தைப் பேச்சு, கடன், உறவு. கடனுக்கும் நம் மாவே சாட்சி. மாங்காய் போர்ச்சுக்கீசியர் வாயில் ‘மங்கா’ ஆகி, அங்கிருந்து இங்கிலீஷில் ‘மேங்கோ’ ஆனது. பழத்தோடு பெயரும் கப்பல் ஏறியது. இதில் நாம் தாராளமாகப் பெருமைப்படலாம். ஆனால் இங்கிலீஷ் தமிழிலிருந்து பிறந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. பஸ், காப்பி என்கிறோமே, நாம் என்ன இங்கிலீஷுக்கா பிறந்தோம்?

பட்டியல் இலக்கியத்தின் மேல் என் குற்றச்சாட்டு இதுதான்: நான்கு காரணங்களையும் ஒரே சாக்கில் போட்டு, மேலே ‘உறவு’ என்று லேபிள் ஒட்டிவிடுகிறது.

எல்லாரும் சாக்குக் கட்டுகிறவர்கள் இல்லை. 1905-ல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகமே போட்டார். ஜப்பானியப் பேராசிரியர் சுசுமு ஓனோ, 2008-ல் காலமாகும்வரை, ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு தேடி வருஷக்கணக்கில் உழைத்தார். சொல்லை மட்டும் பார்க்காமல் ஒலி விதிகளைக் காட்டவும் முயன்றார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. ஆனால் எது சான்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது, நம் வாட்ஸ்அப்பாருக்கு அந்தக் கவலையே இல்லை.

எது சான்று? உண்மையான சொந்தக்காரர்கள் பெரும்பாலும் முகம் மாறித்தான் இருப்பார்கள். ஆனால் மாறின விதத்தில் ஓர் ஒழுங்கு இருக்கும். பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. பூ, ஹூவு. புலி, ஹுலி. போ, ஹோகு. நம் ‘ப’ நிற்கிற இடத்தில் வரிசையாக ‘ஹ’. பழைய கன்னடக் கல்வெட்டுகளைப் பார்த்தால் அங்கேயும் ‘ப’தான் இருந்திருக்கிறது! செவி, கன்னடத்தில் கிவி. இன்னும் வடக்கே, பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் பிராகூயி என்று ஒரு திராவிட மொழி இருக்கிறது. அங்கே காது ‘கஃப்’. கேட்டால் தமிழ் மாதிரியே இல்லை. ஆனால் சொந்தம்தான். மா–மா அந்நியம், செவி–கஃப் சொந்தம். காதுக்குப் பிடிபடாதது விதிக்குப் பிடிபடுகிறது.

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் கண்டுபிடித்ததில்லை. அந்தக் காலத்தில், தென்னாட்டு மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை என்று பெரிய பெரிய ஆங்கிலேய அறிஞர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்ன ஆதாரம்? தெலுங்கிலும் தமிழிலும் இத்தனை சமஸ்கிருதச் சொற்கள் இருக்கின்றனவே என்ற ஆதாரம். அதாவது, பட்டியல்! 1816-ல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை, கடன் வாங்கிய சொற்களைத் தனியே ஒதுக்கி, தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவை தனிக் குடும்பம் என்று காட்டினார். 1856-ல் கால்டுவெல் முழு ஒப்பிலக்கணமே எழுதினார்.

எதைக் கண்டு நாம் மார்தட்டுகிறோமோ அந்தத் தனித்தன்மை, பட்டியலை மறுத்துத்தான் நிரூபிக்கப்பட்டது. அன்றைக்கு நம்மைச் சிறுமைப்படுத்திய அதே முறையை இன்றைக்கு நாம் கையில் எடுத்துக்கொண்டு உலகத்துக்கே தாய் என்கிறோம். பேசுகிறவர் மாறியிருக்கிறார், வாதம் மாறவில்லை. கேட்கிற வெளியூர்க்காரர் குதிரையையும் கேள்வியையும் ஒரு நிமிஷத்தில் உடைத்துவிட்டால், அடுத்து நாம் சொல்லப்போகிற நிஜத்தையும் நம்ப மாட்டார். நஷ்டம் தமிழுக்குத்தான். வால்மீகியின் ‘மா’வில் வாழ்த்தைத் தேடியவர்களுக்கு வாழ்த்து கிடைத்த மாதிரி, தாயைத் தேடுகிறவருக்குத் தாய் கிடைப்பாள். தேடினது கிடைத்துவிட்டது என்பதே சான்று ஆகாது.

எல்லாம் கேட்டுவிட்டுப் பேத்தி கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அப்போ, தமிழ் பெரிசு இல்லையா தாத்தா?”

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல தாத்தாக்கள் ‘பிரமாதம்மா!’ என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது.

“இரண்டாயிரம் வருஷத்து இலக்கியத்தை இன்னிக்கும் பேசற ஒரு பாஷையில படிக்கிறோம். அது பெரிசுதான். அதுக்குச் சீனாக்காரன் குதிரையைக் கடன் வாங்க வேண்டாம்” என்றேன்.

தாள்களை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மத்தியானச் சாப்பாட்டின்போது என்னோடு சரியாகப் பேசவில்லை.

வியாழக்கிழமை போன் வந்தது.

“தாத்தா, மூணாவது பரிசு. ஹாலு, ஹல்லு, எல்லிஸ் துரை எல்லாம் சொன்னேன்.”

“அட! முதல் பரிசு யாருக்கு?”

“வேற ஸ்கூல் பையன். சீனத்துல மா, கொரியாவுல ஓம்மான்னு என் பழைய லிஸ்ட்டையே பேசினான். செம கைதட்டல்.”

என்ன சொல்வதென்று தெரியவில்லை. கிடைக்க வேண்டிய பரிசை நான்தான் கெடுத்தேனோ?

“வருத்தமாம்மா?”

“கொஞ்சம். ஆனா தாத்தா, முடிஞ்சு கீழ இறங்கினதும் ஒரு பொண்ணு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவங்க வீட்டுல கன்னடமாம். பாலை ஹாலுன்னு சொல்றதுக்குச் சின்ன கிளாஸ்லேருந்து எல்லாரும் கேலி பண்ணுவாங்களாம். ‘அப்போ நாம சொந்தமா?’ன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“ஆமான்னேன். சரிதானே?”

சரிதான்மா.